பாசிக் கல்லும் பனிக் கல்லும்

திருகோணமலைக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழி மழை, காற்று என்றால் வாடை. கோணேசர் கோயில் மலையில், இராவணன் வெட்டுப் பக்கம் நின்று வாடையில் வேட்டியைப் பிடித்துப் பழகியவன் நான். அந்த மிதப்பில்தான் ஜனவரியில் நேபாளம் போனேன். காற்றைச் சமாளித்தேன். ஆளை விழுத்தியது காலடி.

நானும் கூட்டாளியும் ஏறியது பூன் ஹில், 3,210 மீட்டர். இமயத்தில் அதை மேடு என்றுதான் சொல்வார்கள். கோரேபானியில் படுத்து, விடியற்காலை நாலரைக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினோம். வழிகாட்டியைக் கூட்டாளி வாய் நிறைய 'தாய்' என்று கூப்பிடுவான். நேபாளியில் அண்ணனுக்கு அப்படித்தானாம். மீசை வைத்த தாய்.

ஏறும்போது வியர்த்தது. உள்ளே பருத்தி பெனியன், அதுதான் முதல் மடத்தனம். உச்சியில் சூரியனுக்குக் காத்து நின்றபோது, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஐஸ் பெட்டிக்குள் இருப்பது போல இருந்தது. தோலை ஒட்டியிருக்கும் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. பூச்சியப் பாகையில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால், உடம்புக்கு அது மைனஸ் 6 போலத்தான். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்த கைபேசியும் குளிரில் அணைந்தது. அதனால் 8,167 மீட்டர் தௌலகிரியின் நுனியில் வெயில் பட்டு, மெல்ல மெல்லக் கீழே வழிந்ததை வெறும் கண்ணால் பார்த்தேன். படம் இல்லை, மன்னிக்கவும்.

கீழே வந்து சாப்பிட்டுவிட்டுத் தாடாபானிப் பாதையைப் பிடித்தோம். ரோடோடென்ட்ரன் காடு, வெயில் எட்டாத பள்ளம். பகலில் உருகும் பனி இரவில் கற்படிகளில் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. வெள்ளையாகக் கிடப்பதில் பயமில்லை, சப்பாத்து புதைந்து நிற்கும். ஈரம் போலத் தெரிகிற கல்தான் பொல்லாதது. பொக்காராவில் வாங்கிய மைக்ரோஸ்பைக்ஸ், அதாவது சப்பாத்தின் மேல் மாட்டும் இரும்புப் பற்கள் வைத்த ரப்பர் வார், பைக்குள் இருந்தது. இரண்டு படிதானே, பிறகு மாட்டலாம் என்று காலை வைத்தேன். நாலு படி தள்ளி, தாய் என் பைவாரைப் பிடித்திருந்தார்.

அப்போதுதான் சித்தப்பாவின் குரல் காதில் விழுந்தது. சின்ன வயதில் தூண்டிலோடு கடற்கரைப் பாறைகளுக்குக் கூட்டிப் போவார். "பாசிக் கல்லில எட்டி வைக்காதையடா, கோழி மாதிரி நட." பனிக் கல்லுக்கும் அதே நடைதான். சின்ன அடி, முழங்கால் கொஞ்சம் மடங்க வேண்டும், பாதம் முழுதாகப் பதிய வேண்டும், உடம்பின் பாரம் ஊன்றிய காலுக்கு நேர் மேலே. கை சட்டைப்பைக்குள் இருக்கவே கூடாது.

ஸ்பைக்ஸை மாட்டுவதும் லேசில்லை. குளிரில் ரப்பர் இறுகிக் கிடக்கிறது, கையுறையோடு இழுக்கவும் முடியாது. மாட்டிய பிறகு இரும்புப் பற்கள் 'கறுக் கறுக்' என்று கடிக்கும்போது வருகிற தைரியம் தனி. ஆனால் வெறும் கல்லில் அதுவே வழுக்கும். மூன்று தரம் கழற்றி, மூன்று தரம் மாட்டினோம்.

தாடாபானியில் வெயிலில் குந்தி, ஊரிலிருந்து கொண்டுபோன வறுத்த கச்சானைப் பிரித்தேன். தாய் ஒரு கைப்பிடி வாங்கி மென்றார். நல்லாயிருக்கு, உப்புத்தான் காணாது என்று சைகை காட்டினார்.