பதினோராயிரம்தானா சார்?

"அவர் கையில வாங்குறது பதினோராயிரம்தானா சார்? அதை மட்டும் சொல்லுங்க."

"ஆமாம்மா. அவ்வளவுதான் வருது."

2018-ல் நடந்தது இது. எங்கள் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் மேல் ஜீவனாம்ச வழக்குப் போட்டிருந்த அவருடைய மனைவி, சம்பள பில் பார்க்கிற என்னிடம் வந்து கேட்டது. இன்றும் சம்பள பில் பார்க்கிற மாதக் கடைசியில் அந்தக் கேள்வி வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது. நான் பொய் சொல்லவில்லை. அந்தப் பட்டியலைச் சரிபார்த்துச் சுருக்கொப்பம் போட்டவனே நான்தான், நிகரச் சம்பளம் என்ற கட்டத்தில் 11,000 சொச்சம்தான் இருந்தது. ஆனால் அதற்கு நாலு கட்டம் முன்னால் மொத்தச் சம்பளம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் 42,000-க்கு மேல் இருந்தது. அந்த அம்மா அதைக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதுதான் சரி. கேட்காததை நான் சொல்லவும் இல்லை.

நடுவில் போன முப்பதாயிரம் எங்கே என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஜீவனாம்ச வழக்குக்கு நோட்டீஸ் வந்த அடுத்த மாதமே அவர் சேமநல நிதி (பி.எஃப்.) சந்தாவை 5,000-லிருந்து 15,000-ஆக ஏற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். அப்புறம் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன், அதற்கு மாதம் 12,000-க்கு மேல் பிடித்தம். மிச்சம் எல்.ஐ.சி., பண்டிகை முன்பணம், மருத்துவக் காப்பீட்டுக்கு 180 ரூபாய். "சேமிப்புதானே அண்ணே, நல்லதுதானே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விதிப்படி சந்தாவை ஏற்ற அவருக்கு உரிமை உண்டு, நான் தடுக்க முடியாது. யாரோ ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்த வழி இது. கேஸ் போட்டால் பி.எஃப். சந்தாவை ஏற்று, சங்கத்தில் கடன் எடு, கோர்ட்டில் சிலிப்பைக் காட்டு என்பது எங்கள் வட்டாரத்தில் ஏறக்குறைய பாடம்.

அந்த அம்மா நேரே வந்து கேட்பதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருந்தார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, யாரோ எழுதிக்கொடுத்த கையெழுத்தில் மூன்று கேள்விகள்: கணவரின் சம்பள விவரம், பிடித்தங்களின் விவரம், இப்போது எந்த முகவரியில் இருக்கிறார். பொதுத் தகவல் அலுவலர் பொறுப்பும் அப்போது என் தலையில்தான். தகவல் யாரைப் பற்றியதோ அவரையும் கேட்கச் சொல்லும் பிரிவு 11 படி கணவருக்கு நோட்டீஸ் கொடுத்தேன், எதிர்பார்த்தபடியே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். 8(1)(ஜே), தனிநபர் தகவல், வழங்க இயலாது என்று பதில் போட்டேன். உச்ச நீதிமன்றத்தின் 2012 தீர்ப்பு ஒன்று எங்கள் கோப்பில் நகலாகவே இருக்கும், அரசு ஊழியரின் சொத்து, வருமான வரிக் கணக்கெல்லாம் தனிப்பட்ட தகவல் என்று சொல்லும் தீர்ப்பு. அதையும் சேர்த்தேன். பதில் கச்சிதமாக இருந்ததாக மேலே இருந்தவர் பாராட்டக்கூடச் செய்தார்.

கச்சிதம்தான். ஆனால் அதே சட்டத்தின் 4-வது பிரிவில் ஒவ்வொரு ஊழியரும் வாங்கும் மாதச் சம்பளத்தை யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்று இருக்கிறது. அதற்காக நாங்கள் போடும் கையேட்டில் பெயரும் ஊதிய விகிதமும் மட்டும் போட்டு முடித்துவிடுவோம். அதாவது, சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய ஒன்றைத்தான் நான் ரகசியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுவும், நான் அந்தக் கடிதம் போடுவதற்கு முன்பே, அந்த வருடம் மே மாதத்திலேயே, மனைவி கணவனின் சம்பளத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு மாநிலத் தீர்ப்பு என்று ஒதுக்கியிருப்பேனோ என்னவோ.

சரி, என் பக்கத்தையும் சொல்கிறேன். அதற்கு இரண்டு வருடம் முன்னால் வேறு ஒரு அலுவலகத்தில் இருந்தேன். மாற்றலாகிப் போன ஒருவரைத் தேடி ஒரு ஆள் வந்தார், மனைவியின் அண்ணன் என்றார், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவில்லை என்று கண் கலங்கினார். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வைத்து அவரை நாலு பேர் அடித்த செய்தி வந்தது. கையில் எலும்பு முறிவு. அவர் யோக்கியரா இல்லையா என்பது வேறு பேச்சு, விலாசம் என் வாயிலிருந்து போனது. அதிலிருந்து யார் வந்து அழுதாலும் "எழுதிக் கொடுங்க" என்பதுதான் என் பதில். ஆகவே அந்த அம்மாவின் மூன்றாவது கேள்விக்கு நான் மறுத்தது சரி. இன்றைக்கும் மறுப்பேன். முதல் இரண்டையும் அதே சாக்கில் சேர்த்துக் கட்டியதுதான்...

அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1996 சட்டப்படி, புதிதாக யாரை வேலைக்கு எடுத்தாலும் 20 நாளுக்குள் முதலாளி மாநில அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அந்தப் பட்டியலைப் பிள்ளைப் பராமரிப்புப் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலோடு ஒப்பிடுவார்கள், ஆள் அகப்பட்டால் சம்பளத்திலேயே பிடித்தம். யாரும் யார் மேஜை முன்னாலும் நிற்க வேண்டாம். குடும்ப வன்முறை ஆபத்து உள்ளவர்களின் விவரத்தை வெளியே விடாமலிருக்கத் தனிக் குறியீடும் வைத்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் சம்பவத்தை நினைத்தபோது அந்தக் குறியீடுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதே சமயம், வேலைக்குச் சேரும் அத்தனை பேரின் விவரமும், கல்யாணமே ஆகாதவன் விவரமும்கூட, ஒரே இடத்தில் குவிகிறது என்பதும் உறுத்துகிறது. எங்கள் சம்பளமும் இப்போது களஞ்சியம் என்கிற தமிழக அரசின் கணினி அமைப்பில் ஏறிவிட்டது. மொத்தம், பிடித்தம், நிகரம் எல்லாம் ஒரே திரையில். குடும்ப நல நீதிமன்றம் ஒரு சொடுக்கில் பார்க்கலாம் என்று வந்தால் நான் கை தட்டுவேனா, யார் யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று பயப்படுவேனா? இரண்டும் செய்வேன் போலிருக்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் மோசம் என்றும் சொல்ல முடியாது. மற்றக் கடன்களுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஜப்தி செய்யலாம், ஜீவனாம்சத் தீர்ப்பாணை என்றால் மூன்றில் இரண்டு பங்கு வரை கை வைக்கலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் முதலாளியே நேராகக் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அப்படி இரண்டு பேருக்கு நானே மாதாமாதம் பிடித்து அனுப்பியிருக்கிறேன், ஒரு மாதம் தவறியதில்லை. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த அம்மா இரண்டு வருடம் கழித்து வழக்குப் போட்டிருந்தால் என்னிடம் வந்து நின்றிருக்க வேண்டியதில்லை. அன்றைக்கும் வக்கீல் ஒரு மனு போட்டு என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தால் முழுச் சம்பளச் சான்றையும் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். கூப்பிடவில்லை. இது என் தப்பா?

அந்த வழக்கு சமாதானமாக முடிந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 4,000. அவரே டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார். டீயைக் குடித்தேன். என் "ஆமாம்மா" அந்த 4,000-க்குள் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, வக்கீல் முன்பே அந்தத் தொகைக்குத் தயாராக இருந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா சிலிப்பை நம்பாமல்தான் பஸ் ஏறி என்னிடம் வந்தார், என்னை நம்பித்தான் திரும்பிப் போனார். "பிடித்தம் போக" என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் போதும். ரகசியம் எதுவும் உடைந்திருக்காது. அந்த இரண்டு சொல் ஏன் வாயில் வரவில்லை? விதியா, பயமா, இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த அவரோடு தினமும் டீ குடிக்கிற பழக்கமா? விதி என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அவர் சேமநல நிதியிலிருந்து பகுதி இறுதித் தொகை, அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத ஒரு பகுதிப் பணம், கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் "மகளின் உயர்கல்வி" என்று எழுதியிருந்தது. கல்லூரிச் சான்று இணைத்திருந்தார். அந்தப் பெண்ணின் பெயரை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். 15,000 வீதம் சேர்ந்த அதே பணம். உண்மையில் அவளுக்குத்தான் போகிறதா, அந்தச் சான்றை அம்மா கொடுத்தாரா, இவர் எப்படியோ வாங்கினாரா, எதுவும் தெரியாது. அந்த விண்ணப்பத்தில் நான் பார்க்க வேண்டியது சேவைக் காலமும் இருப்பும் மட்டும்தான். இரண்டும் சரியாக இருந்தன. "பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதி மேலே அனுப்பினேன்.