கம்பெனி கார் கொடுத்தால் குற்றமா?

2021 ஜூலை 1, வியாழக்கிழமை. டிரம்ப்பின் குடும்பக் கம்பெனியான டிரம்ப் ஆர்கனைசேஷன் மீதும் அதன் நிதித் தலைவர் ஆலன் வைசல்பெர்க் மீதும் மன்ஹாட்டனில் வரி மோசடிக் குற்றச்சாட்டு பதிவான நாள். கையில் விலங்கோடு அந்த மனிதரை நீதிமன்றத்துக்குள் கூட்டிக்கொண்டு போன காட்சிதான் அன்றைக்கு முழுக்க டிவியில். மூன்று நாள் கழித்து ஜூலை 4, நியூ ஜெர்சியில் நண்பர் வீட்டு பேக்யார்டில் அடுப்பில் சோளம் வெந்துகொண்டிருக்க, எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவர் ஆரம்பித்தார். "ஏம்ப்பா, கம்பெனி கார் குடுத்தா அது ஒரு குத்தமா? எனக்குக்கூட ஆபீஸ்ல போன் குடுத்திருக்காங்க, என்னையும் பிடிச்சுட்டுப் போவாங்களா?" எதிரே இருந்த தோழி விடவில்லை. "கொஞ்சம் பொறுங்க அண்ணா, அடுத்து முதலாளியே உள்ள போகப் போறாரு."

நான் ஒரு சின்னக் கம்பெனியில் பேரோல் பார்க்கிறவள். சம்பளம், பிடித்தம், வருஷச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி அரசாங்கத்துக்கும் ஊழியருக்கும் கொடுக்கிற டபிள்யூ-2 படிவம், இதுதான் என் பிழைப்பு. அந்தக் கூட்டத்தில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான், என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை!

அண்ணன் கேட்டதையே முந்தின நாள் ஃபுளோரிடாவில் சரசோட்டா கூட்டத்தில் டிரம்ப்பும் கேட்டிருந்தார். கார், வீடு, பேரப்பிள்ளைகளின் படிப்பு, இதற்கெல்லாம் வரி கட்ட வேண்டுமா, யாருக்காவது தெரியுமா என்கிற மாதிரி. கூட்டம் ஆரவாரித்தது. 2016 விவாத மேடையில் ஹிலாரி கிளின்டன் அவர் வருமான வரி கட்டாததைக் குத்தியபோது, அது என் புத்திசாலித்தனம் என்று பதில் சொன்னவர் அவர். அவரை நேசிக்கிறவர்களுக்கு வரி கட்டாதது சாமர்த்தியம், கட்டுகிற நாம்தான் ஏமாளி.

சரி, குற்றப்பத்திரிகையில் என்னதான் இருந்தது? 2005 முதல் ஏறத்தாழ 15 ஆண்டு, வைசல்பெர்க்குக்கு மட்டும் 17 லட்சம் டாலருக்கு மேல் கணக்கில் வராத சலுகைகள். மன்ஹாட்டனில் வீட்டு வாடகை, அவருக்கும் மனைவிக்கும் மெர்சிடிஸ் கார்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம், வருஷக் கடைசியில் வேலையாட்களுக்கு இனாம் கொடுக்கக் கைச்செலவுப் பணம் வரை. அதில் சில பள்ளிக் கட்டணக் காசோலைகளில் இருந்தது டிரம்ப்பின் சொந்தக் கையெழுத்து.

இதுவரைக்கும் அண்ணன் சொன்னது எடுபடும். கொடுத்த முதலாளி தாராளம், வாங்கியவர் வரியில் காட்ட மறந்துவிட்டார், அபராதம் கட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் 2011இலிருந்து சில ஆண்டுகளுக்கு அவருக்குப் பேசிவைத்த தொகை வருஷத்துக்கு 9,40,000 டாலர். சம்பளம் 5,40,000, போனஸ் 4,00,000. வாடகையும் காரும் பள்ளிக் கட்டணமும் அதற்கு மேலே வந்த சலுகை இல்லை, அந்தத் தொகைக்குள்ளேயே கழித்துக்கொள்ளப்பட்டவை. கம்பெனியின் உள்கணக்கில் எவ்வளவு கழித்தோம் என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள், கழித்தது போக மிச்சத்தை மட்டும் டபிள்யூ-2இல் போட்டு அரசாங்கத்துக்கு அனுப்பினார்கள். இதைப் படித்தபோது நிஜமாகவே எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் இதைச் செய்ய என் மாதிரி ஒருத்தர் உட்கார்ந்து இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் தட்டியிருக்க வேண்டும். மறந்துபோனால் ஒரு எண்தான் இருக்கும். இரண்டு எண் இருந்தால் அது மறதி இல்லை.

போனஸில் ஒரு பகுதியை டிரம்ப்பின் மார்-அ-லாகோ கிளப் மாதிரி வேறு நிறுவனங்களின் பெயரில், அவர் ஏதோ வெளியாள் போல ஒப்பந்தக் கூலியாகக் கொடுத்ததும் உண்டு. இந்த வழிகளிலெல்லாம் அவருக்கு வருமான வரி மிச்சமானது மாதிரியே கம்பெனிக்கும், சம்பளத்தின் மேல் அது கட்ட வேண்டிய பேரோல் வரிப் பங்கு மிச்சம்.

இது எதுவும் பேச்சில் வரவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். ஒரு பக்கம் பழிவாங்கல், இன்னொரு பக்கம் எப்போது விலங்கு. பழிவாங்கல் என்றவர்களை நான் ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். நியூயார்க்கில் அரசு வழக்கறிஞர் தேர்தலில் ஜெயித்து வருகிற பதவி, அதில் இருந்தவர்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், இந்த விசாரணையில் கைகோத்த மாநிலத் தலைமை வழக்கறிஞர் லெட்டிஷா ஜேம்ஸ் டிரம்ப்பை விடமாட்டேன் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டவர். சலுகைகளை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தின் மீது கிரிமினல் வழக்கு வருவது அபூர்வம் என்று வரி வக்கீல்களே அப்போது சொன்னார்கள். சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் வழக்கைப் போட்டவருக்கு உள்நோக்கம் இருந்தால் லெட்ஜரில் எழுதியது அழிந்துவிடுமா?

2022 ஆகஸ்டில் வைசல்பெர்க் 15 குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். அந்தச் சமயத்தில் டிரம்ப் டவரில் அவருக்குப் பிறந்தநாள் கேக் வெட்டியிருக்கிறார்கள், சம்பளமும் நிற்கவில்லை! முதலாளிக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை, கம்பெனிக்கு எதிராகச் சாட்சி மட்டும் சொன்னார். கம்பெனியின் வக்கீல்களோ வைசல்பெர்க் செய்ததெல்லாம் வைசல்பெர்க்குக்காகத்தான் என்று வாதாடினார்கள். அந்த வைசல்பெர்க் 1973இல் டிரம்ப்பின் அப்பாவிடம் கணக்கெழுதச் சேர்ந்தவர். 2022 டிசம்பர் 6ஆம் தேதி இரண்டு டிரம்ப் நிறுவனங்களும் 17 குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. டிரம்ப் மீது அந்த வழக்கில் குற்றச்சாட்டே கிடையாது, அதனால் எங்கள் தோழிக்குப் பெரிய ஏமாற்றம். வைசல்பெர்க்குக்கு ஐந்து மாதம் ரைக்கர்ஸ் சிறை.

2023 ஜனவரி 13, நிறுவனங்களுக்கு 16 லட்சம் டாலர் அபராதம். சட்டத்தில் இருந்த உச்சமே அவ்வளவுதான், கம்பெனியைச் சிறையில் போடவும் முடியாது. அன்று நான் ஆபீஸில் டபிள்யூ-2 அடித்துக்கொண்டிருந்தேன், ஜனவரி 31க்குள் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். வாட்ஸாப்பில் அண்ணன். "பார்த்தியாம்மா, பிசாத்து அபராதம். நான் அன்னைக்கே சொன்னேன், இதுல ஒண்ணுமே இல்லைன்னு." நான் கட்டைவிரல் மட்டும் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து மறுபடி அவரே. தன்னுடைய டபிள்யூ-2ஐப் படம் எடுத்து, பன்னிரண்டாவது பெட்டியைச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். சி என்ற எழுத்து, பக்கத்தில் நூற்றுச் சொச்சம் டாலர். இந்தப் பணம் என் கைக்கு வரவே இல்லையே, இதை எதுக்கு என் வருமானத்துல சேர்த்திருக்காங்க என்று கேட்டார். கம்பெனி உங்களுக்கு எடுத்துத் தருகிற ஆயுள் காப்பீடு 50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய பங்கின் மதிப்பு உங்கள் வருமானம், அதற்கு வரி உண்டு அண்ணா என்று எழுதினேன்.

"இது அநியாயமா இல்ல?" என்றார்.