85 குதிரைத்திறன் எங்கே போகிறது? லோவெல் ஆலைகளின் தண்ணீர்க் கணக்கு

பிப்ரவரி 4

இந்தப் பதிவு வரிசைக்கு எடுத்துக்கொண்ட ஊர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள லோவெல். மெரிமாக் ஆறு பாட்டக்கெட் அருவியில் ஏறக்குறைய 30 அடி இறங்குகிறது. அந்த இறக்கத்தை நம்பித்தான் 1823இல் முதல் பருத்தி ஆலை ஓட ஆரம்பித்தது. ஆலைகள் தண்ணீரைக் கால்வாய்க் கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு வாங்கின. விற்பனை அலகின் பெயர் 'மில் பவர்': 3,584 கதிர்களையும் (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டுகள்), அந்த நூலைத் துணியாக்கும் வரை வேண்டிய மற்ற எந்திரங்களையும் ஓட்டும் திறன்.

தண்ணீர்க் கணக்கில் இது 30 அடி இறக்கத்தில் விநாடிக்கு 25 கனஅடி. ஒரு கனஅடி 62.4 பவுண்டு. 25 × 62.4 × 30 = 46,800. ஒரு குதிரைத்திறன் விநாடிக்கு 550 அடி-பவுண்டு; அதனால் இதை 550ஆல் வகுத்தால் 85 குதிரைத்திறன். கதிர் வரை இதில் எவ்வளவு போய்ச் சேர்கிறது, மீதி எங்கெங்கே ஒழுகுகிறது என்று தண்ணீரின் பின்னாலேயே போய்ப் பார்ப்பதுதான் திட்டம்.

பிப்ரவரி 9

எல்லா ஆலைக்கும் முழு 30 அடி கிடைக்காது. மேல்கால்வாயில் இருக்கும் ஆலை 13 அடியை எடுத்துக்கொண்டு கீழ்க்கால்வாயில் விடும்; அதே தண்ணீரைக் கீழே உள்ள ஆலை இன்னொரு 17 அடிக்குப் பயன்படுத்தும். 17 அடிக்கு ஒரு மில் பவர் 45.5 கனஅடி, 13 அடிக்கு 60.5 கனஅடி.

இறக்கத்தையும் கனஅடியையும் பெருக்கிப் பாருங்கள்: 750, 773.5, 786.5. ஒரே சரக்குக்கு மூன்று எடை மாதிரி தெரியும். ஒவ்வொரு இறக்கத்திலும் ஓர் அடியைக் கழித்துவிட்டுப் பெருக்கினால் 725, 728, 726. கால்வாயிலிருந்து சக்கரத்துக்கு வருவதிலும் வெளியேறுவதிலும் வீணாகும் ஓர் அடியை எல்லாருக்கும் சமமாக ஈடுகட்டினால் வரும் எண்கள் இவை. குறைந்த இறக்கத்தில் அந்த ஓர் அடியின் அடி பலமாக விழும். 13இல் ஒன்று போவதும் 30இல் ஒன்று போவதும் ஒன்றல்ல.

பிப்ரவரி 15

கால்வாய். பழைய பாட்டக்கெட் கால்வாய் 1790களில் படகுக்காக வெட்டியது. ஆலைகள் பெருகப் பெருக அதற்குள் தண்ணீர் வேகம் கூடியது. வேகம் கூடினால் உராய்வு இழப்பு அதன் வர்க்கத்தில் கூடும். மேல்மட்டத்துக்கும் ஆலை வாசலுக்கும் நடுவிலேயே அடிக்கணக்கில் இறக்கம் கரையும். மதகை இன்னும் திறந்தால் வேகம் கூடி நிலைமை மோசமாகும். இதற்கு மருந்து குறுக்குவெட்டைப் பெரிதாக்குவதுதான். கால்வாய்க் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ் 1846-48இல் வடக்குக் கால்வாயைக் கட்டியது இதற்காகவே.

பிப்ரவரி 16

குளிர்கால விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. மேலே உறைந்து கிடக்கும் பனிக்கட்டி தொந்தரவு இல்லை, சொல்லப்போனால் போர்வை. திறந்த நீரில் கடுங்குளிர் இரவில் உருவாகும் ஊசிப் பனித்துகள்தான் எமன். குப்பை தடுக்கும் இரும்புக் கம்பி அழியில் ஒட்டி, சில மணி நேரத்தில் வாயை அடைத்துவிடும். ஆள் நின்று வாரிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரத்தைக் கட்டடத்தின் அடித்தளத்துக்குள் வைத்ததற்கும் பனி ஒரு காரணம்: ஒரு பக்கம் மட்டும் பனி பிடித்த சக்கரம் நிறை தவறிச் சுழலும்.

பிப்ரவரி 27

சக்கரம். லோவெலின் ஆரம்பகாலச் சக்கரங்கள் மார்புச் சக்கரங்கள். தண்ணீர் உச்சியில் கொட்டாது. அச்சின் உயரத்தை ஒட்டி வாளிகளில் புகும். கீழே இறங்கும்வரை சிந்தாமல் இருக்க, சக்கரத்தை ஒட்டி வளைந்த ஒரு தொட்டில் சுவர் இருக்கும். சுவருக்கும் வாளிக்கும் இடைவெளி குறையக் குறைய நல்லது. ஆனால் அச்சுத் தாங்கி தேய்ந்து சக்கரம் கொஞ்சம் இறங்கினால் சுவரில் உரசும். உரசலுக்குப் பயந்து இடைவெளியைக் கூட்டினால் வேலை செய்யாத தண்ணீர் அந்த வழியே கீழே போய்விடும்.

இன்னொரு கோளாறு காற்று. தண்ணீர் புகும்போது வாளிக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால், அது தண்ணீரை எதிர்த்துத் துப்பும். வாளி அரைகுறையாகத்தான் நிரம்பும். மான்செஸ்டரின் வில்லியம் ஃபேர்பேர்ன் 1820களின் இறுதியில் வாளியின் பின்பக்கம் ஒரு சந்து விட்டு இதைத் தீர்த்தார்.

விளிம்பு வேகம் விநாடிக்கு 4 முதல் 6 அடி. 30 அடி விட்டத்துக்குச் சுற்றளவு 94 அடி; ஆக நிமிடத்துக்கு நாலு சுற்றுகூடத் தேறாது. இத்தனை மெதுவான வேகத்தில் 60 குதிரைத்திறனை நடு அச்சு வழியே எடுத்தால் அச்சு ராட்சத உருளையாக இருக்க வேண்டும். அதனால் விளிம்பிலேயே பல் வரிசை பொருத்தி, தண்ணீர் இறங்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பல்சக்கரத்தைக் கோத்தார்கள். எடை நேரே பல்லில் இறங்கும். ஆரக்கால்கள் சக்கரத்தைத் தாங்கினால் போதும். அந்தப் பல்லின் மேல் வரும் விசை 60 × 550 ÷ 6 = 5,500 பவுண்டு, அதாவது இரண்டரை டன். பல் ஒன்று உடைந்தால் ஆலை முழுக்க நிற்கும்.

85இல் 60 என்று வைத்தது சுமாரான கணக்கு. நல்ல பராமரிப்பில் 70 விழுக்காடு நியாயமான எதிர்பார்ப்பு.

மார்ச் 8

தண்ணீர் பற்றாக்குறை எல்லாருக்கும் புரியும். தண்ணீர் அதிகமானாலும் ஆலை நிற்கும் என்பதுதான் புதிதாகப் படிப்பவருக்குப் பிடிபடாது. வெள்ளத்தில் மேல்மட்டம் கொஞ்சம் ஏறும். கீழே, ஆலைக்குப் பின்புறம், ஆறு பல அடி ஏறும். இறக்கம் சுருங்குவது ஒரு நட்டம். அதைவிடப் பெரிய நட்டம், சக்கரத்தின் அடிப்பகுதி தேங்கிய நீரில் மூழ்கி, ஏறும் வாளிகள் தண்ணீரைச் சேர்த்துத் தூக்குவது.

சக்கரத்துக்கு அடுத்து வந்த டர்பைன், வளைந்த தகடுகளில் நீர் உதைக்கச் சுழலும் எந்திரம், நீருக்குள் மூழ்கியே ஓடும். பின்நீர் ஏறினால் ஏறிய அளவுக்கு இறக்கம் குறையும், அவ்வளவே. டர்பைனின் புகழுக்குத் திறன் விழுக்காட்டைக் காரணம் சொல்வார்கள். வெள்ளக் காலத்தில் நிற்காமல் ஓடியதற்கும் அதே மதிப்புக் கொடுப்பேன்.

மார்ச் 14

பொறியாளர் யூரியா பாய்டன் 1844இல் லோவெலின் ஆப்பிள்டன் ஆலைக் கம்பெனிக்காக 75 குதிரைத்திறன் டர்பைன் ஒன்றைச் செய்தார். சோதனையில் 78 விழுக்காடு. பிரான்சின் ஃபூர்னெய்ரோன் வகைதான் அடிப்படை: நடுவில் நீர் இறங்கி, வழிகாட்டித் தகடுகளால் திரும்பி, வெளிச்சுற்றில் உள்ள ஓட்டியை (சுழலும் பகுதி) உதைத்து வெளியேறும். பாய்டன் சேர்த்தவை: நீரைச் சுழற்சியோடு கொண்டுவரும் கூம்புக் குழாய், வெளியேறும் வேகத்தின் ஒரு பகுதியை மீட்கும் விரிவான், எடையைக் கீழே தாங்காமல் மேலிருந்து தொங்கவிடும் தாங்கி. கடைசியானது பராமரிப்பவனுக்குக் கிடைத்த வரம். மூழ்கிய தாங்கிக்கு எண்ணெய் விடுவது எப்படி?

1846இல் 190 குதிரைத்திறனில் இன்னும் மூன்று. ஒப்பந்தம் ருசியானது: 78 விழுக்காடு வந்தால் 1,200 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 400. வந்தது 88. ஆக 5,200 டாலர்.

மார்ச் 15

இந்த மாதிரி ஒப்பந்தத்தில் அளவீடு பிசகினால் பணம் கைமாறும். வெளிவரும் திறனை உராய்வுத் தடையால் அளந்தார்கள்: கப்பியை மரக்கட்டைகளால் இறுக்கி, கட்டையின் நீண்ட கையில் எடை தொங்கவிட்டு, நிலையாக நிற்கும்போது எடை, கை நீளம், சுற்று எண்ணிக்கை மூன்றையும் பெருக்குவது. கட்டை சூடேறினால் பிடி மாறும். ஈரம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உள்ளே வரும் நீருக்குக் கூர்விளிம்புக் கலிங்கு, அதாவது நீரை மேலே வழியவிட்டு அளக்கும் தடுப்பு. பிரான்சிஸின் சூத்திரம், இரு பக்கமும் ஒடுங்கும் கலிங்குக்கு: 3.33 × (நீளம் − 0.2 × உயரம்) × உயரத்தின் ஒன்றரை அடுக்கு. 10 அடி நீளம், 1 அடி உயரம் என்றால் 32.6 கனஅடி. உயரத்தை நூறில் ஓர் அடி தப்பாகப் படித்தால் ஒன்றரை விழுக்காடு பிழை. பாய்டன் கணக்கில் அது 500 டாலருக்கு மேல்! இந்த நுணுக்கத்துக்குத்தான் அடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படிக்கும் கொக்கி அளவியைப் பாய்டன் உருவாக்கியிருந்தார். கலிங்கின் உதட்டில் அளக்கக் கூடாது, அங்கே மட்டம் சரிந்திருக்கும்; சில அடி பின்தள்ளி அளக்க வேண்டும்.

மார்ச் 29

திறனை மாடிக்கு ஏற்றுவது. ஆங்கில முறையில் செங்குத்து ஷாஃப்ட், கூம்புப் பல்சக்கரங்கள். பால் மூடி 1828இல் ஆப்பிள்டன் ஆலையில் தோல் பெல்ட்டுக்கு மாற்றினார். சுமை எகிறினால் பெல்ட் வழுக்குவதோடு சரி, பல்சக்கரம் என்றால் பல் உடையும். இரைச்சலும் குறைவு. கப்பியின் முகத்தை நடுவில் லேசாக உப்பலாகக் கடைந்தால் பெல்ட் ஓரம் போகாது. தோலின் முடிப்பக்கம் கப்பியைத் தொட வேண்டும்.

ஒரே திறனுக்கு ஷாஃப்ட்டின் வேகம் இருமடங்கானால் முறுக்குவிசை பாதி. மெல்லிய ஷாஃப்ட் போதும், தாங்கி உராய்வும் குறையும். ஆனாலும் எந்திரங்களைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டை மட்டும் சுற்றினாலே கணிசமான திறன் விழுங்கப்படும். கட்டடம் ஒரு பக்கம் அமுங்கினால் தாங்கிகள் நேர்க்கோட்டிலிருந்து விலகி அது இன்னும் கூடும்.

ஏப்ரல் 6

கடைசியாக கவர்னர், சக்கரத்தின் வேகத்தைச் சீராக வைக்கும் கருவி. மதகுப் பலகை கனமானது. கவர்னரில் சுழலும் குண்டுகளுக்கு அதை அசைக்கும் வலு கிடையாது. குண்டுகள் ஒரு கிளட்சைத் தட்டும். சக்கரத்தின் சொந்தத் திறனே பலகையை ஏற்றி இறக்கும். இதில் தாமதம் உண்டு. ஒரு மாடியின் தறிகள் சேர்ந்து நின்றால் மதகு மூடும் முன் வேகம் எகிறி, நூற்பில் இழை அறும். மதகு மூடி முடிந்தபோது வேகம் தேவைக்குக் கீழே போயிருக்கும், மறுபடி திறக்கும். இந்த ஆட்டம் நிற்காமல் போனால் முதலில் கிளட்சின் தளர்வைப் பாருங்கள், பிறகு மதகு ஓடும் திருகின் வேகத்தைக் குறையுங்கள். குண்டுகளின் எடையை மாற்றுவது அதற்கும் பிறகுதான்.