கறித்தூள் மாமிக்கு ஒரு விசிட்டிங் கார்ட்: செய்து பார்த்த அனுபவம்

யாழ்ப்பாணத்து இணுவிலில் வீட்டோடு கறித்தூள் வறுத்து இடித்து விற்கும் மாமி ஒருவருக்கு விசிட்டிங் கார்ட் செய்து கொடுக்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் கட்டத்துக்கு வேலை வந்துவிட்டது. இதுவரை செய்ததை எழுதி வைத்தால், வீட்டுத்தொழில் செய்யும் வேறு யாருக்காவது உதவும்.

நிறம், எழுத்து எல்லாவற்றுக்கும் முன் யோசித்தது, இந்தக் கார்ட் யார் கைக்குப் போகும் என்பதைத்தான். ஊர்ச்சனத்துக்கு அது தேவையே இல்லை. கோயிலடியில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். உண்மையில் தேவைப்படுவது, நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலும் லண்டனிலும் இருந்து வந்து இரண்டு கிலோ தூள் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு. அப்புறம், நயினாதீவு விகாரைக்குப் போகும் வழியில் யாழ்ப்பாணத்தில் பொருள் வாங்கும் தென்னிலங்கை ஆட்களுக்கு. அவர்கள் மாதக்கணக்கில் கழித்துத் தூள் முடிந்த பிறகுதான் கார்டைத் தேடி எடுப்பார்கள். அப்போது பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல மாமி இருக்கமாட்டார். ஆகவே என்ன விற்கிறார் என்பது முதலிலும், நம்பர் அடுத்ததாகவும் கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மாமிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் போட்டுவிடு தம்பி. ஒண்டை விட்டா அது இல்லையெண்டு நினைப்பினம்" என்றார். கறித்தூள், ஒடியல் மா, மோர்மிளகாய், வடகம், பனங்கட்டி, நல்லெண்ணெய் என்று சொல்லிக்கொண்டே போனார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவில் போட்டு ஒரு தாளில் அச்சடித்துக் காட்டியபோது, அவரே கண்ணாடியைத் தேடினார். இப்போது முன்பக்கத்தில் ‘யாழ்ப்பாணக் கறித்தூள்’ மட்டும் பெரிதாக நிற்கிறது. மற்றவை பின்பக்கத்தில் ஒரே வரியில் இருக்கின்றன.

அளவு வழக்கமானதுதான்: 3.5 அங்குலத்துக்கு 2 அங்குலம், அதாவது ஏறக்குறைய 89 மி.மீ.க்கு 51 மி.மீ. பின்னணி நிறம் விளிம்பு வரை போவதால், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்கச் சுற்றிவர 3 மி.மீ. கூடுதலாக விட்டு 95க்கு 57 ஆக வரைந்தேன். எழுத்துகள் வெட்டும் கோட்டிலிருந்து 4 மி.மீ.யாவது உள்ளே நிற்கின்றன.

அதிக நேரம் போனது தமிழ் எழுத்துக்குத்தான். ஆங்கிலத்தில் 7 பாயிண்ட் எழுத்தளவு தாராளமாக வாசிக்கலாம். அதே அளவில் தமிழைப் போட்டால் ‘ண’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துப் போகின்றன, மெய்யெழுத்தின் புள்ளியும் மறைந்துவிடுகிறது. அதனால் தமிழ் எதையும் 9க்குக் கீழே இறக்கவில்லை. கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் மை உள்ளே பரவி இன்னும் மெலிந்துவிடும். அங்கே கொஞ்சம் தடித்த எழுத்தே நல்லது. எழுத்துரு முக்தா மலர். நோட்டோ சான்ஸ் தமிழும் வைத்துப் பார்த்தேன். அதுவும் தெளிவானது, ஆனால் மாமியின் தூளுக்கு முக்தா மலரின் வளைவு பொருந்துகிறது.

இங்கே பல அச்சகங்களில் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருதான் பழக்கம். யூனிகோடில் தட்டிய கோப்பைப் பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ சிதறிவிடும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தமிழ் ஒழுங்காக வருகிறது. வேலை முடிந்ததும் எழுத்துகள் எல்லாவற்றையும் கோட்டுருவங்களாக, அதாவது வெறும் வடிவங்களாக மாற்றி, பிடிஎஃப் ஆகச் சேமித்தேன். பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து குலையாது. திருத்துவதற்கான பிரதியைத் தனியாக வைத்திருப்பது அவசியம், ஏனென்றால் மாற்றிய பிறகு அதில் ஒரு சொல்லையும் தட்ட முடியாது.

நிறத்துக்கு வறுத்த மிளகாயின் செம்பழுப்பு. திரையில் ஒளிரும் சிவப்பு நான்கு மை அச்சில் மங்கித்தான் விழும் என்பதால் தொடக்கத்திலேயே அடங்கிய நிறத்தை எடுத்தேன். இங்க்ஸ்கேப் தருவது திரை நிறக் கோப்பு, ஆகவே அச்சு நிறத்துக்கு மாற்றுவதைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் செய்தேன். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை ஒன்று மட்டும். நாலு மையையும் கலந்தால், மைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் ஒரு மயிரளவு விலகினாலும் எழுத்தின் ஓரம் கலங்கும்.

நம்பரை இரண்டு விதமாகப் போட்டிருக்கிறேன். தமிழ்ப் பக்கத்தில் 077 என்று தொடங்கும், உள்ளூரில் எல்லாருக்கும் பழகிய முறை. பின்பக்கத்தில் முன்னாலுள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 77 என்று. வெளிநாட்டில் இருந்து எடுக்கிறவர்கள் குழம்பாமல் அப்படியே அழுத்தலாம். சிங்களத்தில் ஒரு வரி உண்டு. அதைச் சிங்களம் தாய்மொழியான நண்பர் ஒருவர் பார்த்துத் தந்தார்.

கியூஆர் குறி நேராக மாமியின் வட்ஸ்அப்புக்குப் போகும். பெயர், முகவரி எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் கட்டங்கள் பொடியாகிவிடும். வட்ஸ்அப்பின் குறுகிய இணைப்பு 25 எழுத்துகளுக்குள் அடங்குவதால், நடுத்தரப் பிழைதிருத்தத்துடன் (குறி கொஞ்சம் பழுதானாலும் வாசிக்க உதவுவது) 25க்கு 25 கட்டங்களில் முடிந்துவிட்டது. சுற்றிலும் நாலு கட்ட அகல வெள்ளை விட்டு, மொத்தம் 20 மி.மீ. பழைய போன் ஒன்றில், மங்கிய குசினி விளக்கில் பிடித்துப் பார்த்தோம். உடனே எடுத்தது.

வீட்டுப் பிரிண்டரில் ஒரு ஏ4 தாளுக்குப் பத்து வீதம் உண்மையான அளவில் எடுத்து வெட்டி, அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் நம்பரைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதன் பிறகுதான் நம்பரை இன்னும் பெரிதாக்கி, மூன்று துண்டாகப் பிரித்தேன்.

கடைசி முடிவு மாமியுடையது. யார் எத்தனை கிலோ கேட்டார்கள், உறைப்புக் கூடவா குறையவா என்று பேனையால் கார்டின் பின்னால் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பளபளப்பு லெமினேட் மேல் பேனை வழுக்கும். அதனால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) அட்டையில் முன்பக்கம் மட்டும் பளபளப்பில்லாத மட் லெமினேட், பின்பக்கம் வெறும் அட்டையாக, கீழே எழுத இரண்டு வெற்றுக் கோடுகளுடன் கேட்டிருக்கிறேன். முதலில் 200 போதும். மாதிரி ஒன்று கையில் வந்து, மாமி அதில் எழுதிப் பார்த்த பிறகுதான் மீதியை அடிக்கச் சொல்வேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் முடிய வேண்டும்.