பார்க் பிளானிங் வேலைக்கு வரணும்னு நினைக்கறவங்களுக்கு: நான் வந்த வழி

இந்த ஃபீல்டுக்கு எப்படி வந்தீங்க, என்ன படிக்கணும், சம்பளம் எப்படின்னு ஜூனியர் பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளல, மொத்தமா எழுதிடறேன்.

படிப்பு விஷயத்தை சீக்கிரம் முடிச்சுக்கலாம். அஞ்சு வருஷ பி.ஆர்க் முடிச்சேன், கட்டடத்து மேல பெருசா மனசு ஒட்டல, லேண்ட்ஸ்கேப் (பார்க், தோட்டம் மாதிரி வெளி இடங்களோட டிசைன்) எடுக்கலாம்னு கேட் நுழைவுத் தேர்வு எழுதினேன் (ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் பேப்பர்), கிண்டில அண்ணா யுனிவர்சிட்டி கேம்பஸ்ல இருக்கற ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்ல எம்.ஆர்க் கிடைச்சுது. கேட் இல்லாதவங்க முன்னாடி டான்செட்னு தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வு எழுதுவாங்க, 2023லேருந்து அதுக்கு பதிலா சீட்டா (CEETA-PG). வெளியூர் போக ரெடின்னா டெல்லி எஸ்பிஏ, அகமதாபாத் செப்ட் ரெண்டு காலேஜுக்கும் நல்ல பேர். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுக்குன்னு தனியா லைசென்ஸ் எதுவும் நம்ம நாட்டுல கிடையாது, 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்ட் ஆர்க்கிடெக்ட்டுக்கு மட்டும்தான். அதனால கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் ரெஜிஸ்ட்ரேஷனை ரெனியூ பண்ணாம விட்றாதீங்க, டெண்டர்ல கையெழுத்து போட அதைத்தான் கேக்கறாங்க.

வேலை தேடறப்பதான் ஒரு விஷயம் புரிஞ்சுது. மாநகராட்சியில பார்க் டிபார்ட்மென்ட் இருக்கு, ஆனா நான் பார்த்த வரைக்கும் அதை நடத்தறது சிவில் இன்ஜினியருங்க, டிசைன் எல்லாம் வெளிய கன்சல்டன்ட் கிட்டேருந்து வருது. அப்ப நாமளும் கன்சல்டன்ட் ஆபீஸ்தான் போகணும். இன்டர்வியூ எடுத்த மேடம் என் போர்ட்ஃபோலியோவை புரட்டினாங்க, நான் ராத்திரி பகலா உக்காந்து பண்ண ரெண்டர் படம் எதையும் பார்க்கல, ஒரு சைட் பிளானை மட்டும் திருப்பி வெச்சு "மழை பெஞ்சா இந்தத் தண்ணி எங்கம்மா போகும்?"னு கேட்டாங்க. நல்லவேளை கான்டூர் (தரையோட மேடு பள்ளம் காட்டற கோடு) போட்டு வெச்சிருந்தேன். அந்த ஒரு ஷீட்டாலதான் வேலை கிடைச்சுதுன்னு இன்னிக்கும் நினைக்கறேன்.

ஆரம்பத்துல வில்லா தோட்டம், ஐடி கம்பெனி புல்தரைன்னுதான் போச்சு. அப்புறம் தெற்கு சென்னையில ஒரு ஓஎஸ்ஆர் இடம் கைக்கு வந்துச்சு. ஓஎஸ்ஆர்னா ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன், 3000 சதுர மீட்டருக்கு மேல இடம் வெச்சு டெவலப் பண்றவங்க அதுல 10% பொதுவுக்கு ஒதுக்கணும், 10,000 சதுர மீட்டர் வரைக்கும் இடத்துக்கு பதிலா பணமா கட்டிக்கலாம், அதைத் தாண்டினா இடமாத்தான் கிஃப்ட் டீட் போட்டு எழுதிக் குடுக்கணும். ஊருக்குள்ள புதுசா வர்ற சின்ன பார்க் பாதி இப்படி வந்த இடம்தான். நிலம் வாங்க காசு தேட வேண்டாம், ஆனா கிடைக்கறது பெரும்பாலும் பில்டருக்கு தேவைப்படாத மூலை, எங்களுக்கு வந்தது ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல ஒரு நீள துண்டு.

முதல் நாளே மாநகராட்சி ஏ.இ (அசிஸ்டன்ட் இன்ஜினியர்) சார் "டிராயிங் எல்லாம் அப்புறம் மேடம், மொதல்ல சர்வேயரை வரவழைப்போம்"னுட்டாரு. கிஃப்ட் டீட் ஒரு அளவு சொல்லுது, எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே டிபார்ட்மென்ட்டோட நில அளவு வரைபடம்) ஒண்ணு சொல்லுது, தரையில இருக்கறது வேற. சர்வேயர் கல்லைத் தேடிப் புடிச்சு சங்கிலி இழுத்தா, வடக்கு எல்லை பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள்ள போய் நிக்குது! அந்த வீட்டுக்காரர் வெளிய வந்து "நாங்க வந்தப்பவே சுவர் இங்கதான் சார் இருந்துச்சு"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாரு, ஃபைல் அப்படியே மண்டல ஆபீஸ் போயி படுத்துக்கிச்சு. எத்தனை மாசம்னு எண்றதையே விட்டுட்டேன். கடைசியில தகராறு இல்லாத பகுதி வரைக்கும் வேலை ஆரம்பிக்கலாம்னு ஆர்டர் வந்துச்சு, ஒல்லியா இருந்த பார்க் இன்னும் ஒல்லியாச்சு. இதையெல்லாம் ரெண்டு வருஷ எம்.ஆர்க்ல ஒரு வகுப்புல கூட யாரும் சொல்லித் தரல, பட்டா, எஃப்எம்பி, வில்லங்கம் படிக்கத் தெரிஞ்ச ஜூனியர் வந்தா நான் கண்ணை மூடிட்டு எடுத்துப்பேன்.

அடுத்து ஜனங்க. ஏரியா சபை கூட்டத்துல (வார்டு ஜனங்க கூடிப் பேசறது) பிளானை வெச்சோம். வாக்கிங் போற பெரியவங்களுக்கு எட்டு போட்ட நடைபாதை வேணும், அதுல பேச்சுக்கே இடமில்ல. பசங்களுக்கு கிரிக்கெட். பின்னாடி தெருவுலேருந்து வந்த ஒரு அக்கா மட்டும்தான் "சுவரு வெக்காதீங்க, கம்பி வையுங்க, ரோட்டுலேருந்து உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியணும், இல்லேன்னா ஆறு மணிக்கு மேல நாங்க வர முடியாது"ன்னாங்க. அன்னிக்கு வந்த பேச்சுல அதுதான் டிசைன் பேச்சு. அஞ்சடி சுவரை ரெண்டடி திண்டு, மேல கிரில்னு மாத்தினோம், செலவும் குறைஞ்சுது, திண்டு மேல இப்ப எப்பவும் யாராவது உக்காந்திருக்காங்க. எட்டு வந்துடுச்சு, கிரிக்கெட்டுக்கு செடி எதுவும் வெக்காத ஒரு மண் துண்டு, வலையோட.

மரத்துல பெரிய சண்டை. சீக்கிரம் பச்சையா தெரியணும்னு கோனோகார்பஸ் (வேகமா வளர்ற வெளிநாட்டு மரம்) கேட்டாங்க, அப்ப அதுக்கு இங்க தடை வரல (குஜராத் 2023ல பண்ணிச்சு, நம்ம கவர்மென்ட் 2025ல). 2016 வர்தா புயலை ஞாபகப்படுத்தினேன், குல்மோஹரும் பெருங்கொன்றையும் ரோடு ரோடா சாஞ்சு கிடந்ததை பார்க்காதவங்க சென்னையில யாரு? புங்கை, பூவரசு, மகிழம், ரெண்டு நாகலிங்கம்னு முடிவாச்சு. தாழ்வான பக்கத்துல ஒரு பள்ளம் விட்டு மழைத்தண்ணி இறங்கற மாதிரி வெச்சோம், 2021 மழைக்கு அப்புறம் ஸ்பாஞ்ச் பார்க்னு மாநகராட்சியே கேக்க ஆரம்பிச்சதால அது ஈஸியா பாஸ் ஆச்சு.

ஆனா கன்று வெக்கறது எஸ்டிமேட்ல வரும், சித்திரை மாசம் அதுக்கு யாரு தண்ணி ஊத்தறதுன்னு வராது. அதை மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்டுல தனி ஐட்டமா, வாரத்துக்கு இத்தனை தடவை, செத்தா மாத்தி வெக்கணும்னு எழுதி வாங்கறதுக்குத்தான் நான் அந்த ப்ராஜெக்ட்லயே அதிகமா நடந்தேன். எல்-1க்கு, அதாவது இருக்கறதுலயே கம்மி ரேட் போட்டு வர்ற கான்ட்ராக்டர் எழுதாத எதையும் பண்ண மாட்டாரு, அவரைக் குத்தம் சொல்லியும் பிரயோஜனமில்ல. எம்-புக்ல (முடிச்ச வேலையை அளந்து எழுதற புக்) ஏறினாதான் அவருக்கு காசு.

சம்பளம்னா, ஆரம்பத்துல சாஃப்ட்வேர்ல இருக்கற ஃப்ரெண்டு கிட்ட சொல்ல கூச்சமாதான் இருக்கும். வில்லா, ரிசார்ட் பண்ற ஆபீஸ்ல கொஞ்சம் பரவாயில்ல, பொது பார்க் வேலைல பில் பாஸ் ஆக லேட் ஆகும், அதுக்கேத்த மாதிரிதான் ஆபீஸும் குடுக்கும். கவர்மென்ட்தான் வேணும்னா எம்.பிளான் (நகரத் திட்டமிடல்) படிச்சுட்டு டிடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) போஸ்டுக்கு டிஎன்பிஎஸ்சி எழுதலாம், ஆனா அங்க பார்க்கப் போறது லேஅவுட் அப்ரூவல், மரம் இல்ல. பி.எஸ்சி ஹார்ட்டிகல்சர் படிச்சவங்களும் கேக்கறீங்க, தாராளமா வாங்க, எங்க ஆபீஸ்லயே வேர் பந்தைப் பார்த்து கன்று தேறுமா தேறாதான்னு சொல்ல ஆள் இல்லாம நர்சரிக்காரர் சொல்றதைத்தான் நம்பிட்டிருக்கோம்.