ஆண்ட்ரோமக்கி காய்ச்சச் சொன்ன வெந்நீர்

டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் என்றாலே கிரேக்க வீரன் அகிலிஸின் கோபம்தான், முதல் வரியே அதைத்தான் சொல்கிறது. ஆனால் கிரேக்கர்களுக்காகக் கிரேக்க மொழியில் பாடப்பட்ட இந்தக் காவியத்தில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, வயதான அப்பா அம்மா என்று ஒரு முழுக் குடும்பத்தைப் பார்க்க வேண்டுமானால் எதிரியின் ஊரான டிராய்க்குள்தான் போக வேண்டும். ஹோமரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது இது.

6-ஆம் பாகத்தில் சண்டைக்குத் திரும்புகிற டிராய் இளவரசன் ஹெக்டரைக் கோட்டை வாசலில் அவன் மனைவி ஆண்ட்ரோமக்கி மறிக்கிறாள். அவளுடைய அப்பாவையும் ஏழு சகோதரர்களையும் கொன்றவன் அகிலிஸ். அம்மாவும் இல்லை. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், கணவர் எல்லாமே எனக்கு நீங்கள்தான் என்கிறாள். இதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள், ஆனால் அதற்கு அடுத்து அவள் சொல்வதைக் கவனிப்பவர்கள் குறைவு: காட்டு அத்திமரத்துப் பக்கம் மதில் ஏறச் சுலபமாக இருக்கிறது, எதிரிகள் மூன்று முறை அங்கே முயன்று பார்த்துவிட்டார்கள், படையை அங்கே நிறுத்துங்கள். அழுதுகொண்டே போர்த்தந்திரம் சொல்கிறாள்! ஹெக்டர் கேட்கவில்லை. ஒதுங்கி நின்றால் ஊரார் முன்னால் வெட்கக்கேடு என்கிறான். அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, ஏனென்றால் அடுத்த நிமிடமே குழந்தை அவன் தலைக்கவசத்துக் குஞ்சத்தைப் பார்த்து அலற, இரண்டு பேரும் சிரிக்க, அவன் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறான், இவன் அப்பனைவிடப் பெரிய வீரன் என்று ஊர் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான்.

22-ஆம் பாகத்தில் அவள் தறியில் உட்கார்ந்து பூ வேலைப்பாடு நெய்துகொண்டிருக்கிறாள். ஹெக்டர் வந்ததும் குளிக்க வேண்டும், வெந்நீர் காய்ச்சுங்கள் என்று பணிப்பெண்களிடம் சொல்கிறாள். அவன் அதற்குள் அகிலிஸ் கையால் செத்துவிட்டான் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எத்தனையோ பேர் ஈட்டி பாய்ந்து சாகும் காவியத்தில் எனக்குப் படிக்கவே முடியாமல் போகும் இடம் இந்த வெந்நீர்தான்.

அப்புறம் 24-ஆம் பாகம். ஹெக்டரின் அப்பா, டிராயின் அரசர், கிழவன் பிரியம் ராத்திரியில் எதிரியின் பாசறைக்குப் போய், தன் பிள்ளைகளைக் கொன்ற கையையே முத்தமிட்டு, உன் அப்பாவை நினைத்துப் பார் என்று அகிலிஸிடம் கெஞ்சுகிறார். இவர் ஹெக்டருக்காக அழ, அவன் ஊரில் தனியாக இருக்கும் தன் தகப்பன் பெலியஸையும் செத்துப்போன நண்பன் பட்ரோக்ளஸையும் நினைத்து அழுகிறான். ஹெக்டரின் உடலைத் தருகிறான், ஈமச்சடங்கு முடியும்வரை போரையும் நிறுத்தி வைக்கிறான்.

பிணத்தின் முன்னால் ஒப்பாரி வைப்பவர்கள் மூன்று பெண்கள்: ஆண்ட்ரோமக்கி, தாய் ஹெகுபா, கடைசியாக ஹெலன். ஹெக்டரின் தம்பி பாரிஸோடு கிரேக்கத்திலிருந்து வந்து, போருக்கே காரணமானவள் என்று ஊரே வெறுத்த ஹெலன். இந்த வீட்டில் மற்றவர்கள் என்னைத் திட்டும்போதெல்லாம் தடுத்தது நீதான், உன் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல்கூட நான் கேட்டதில்லை என்று அவள் அழுகிறாள். ஹெக்டர் எத்தனை பேரைக் கொன்றான் என்பதைவிட இதுதான் அவனைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது.