எண்ணூர் இறாலில் ஆர்.என்.ஏ. எடுக்கப் போகிறவர்களுக்கு

எண்ணூர்க் கழிமுகத்து வெள்ளை இறாலையும் பழவேற்காட்டு வெள்ளை இறாலையும் பக்கத்தில் வைத்து, எந்த மரபணு எங்கே கூடுதலாக வேலை செய்கிறது என்று, மரபணு வேலை செய்யும்போது உண்டாகும் நகலான ஆர்.என்.ஏ.யை எண்ணிப் பார்க்கும் வேலை இது. முதல் சுற்றில் சொதப்பி, இரண்டாம் சுற்றில் முடித்தோம். சொதப்பலில் பாதி கரையிலேயே நடந்துவிடுகிறது.

எடுக்கும் உறுப்பு தலையோட்டுக்குள் இருக்கும் பழுப்பு ஈரல். செரிமான நொதிகள் குவிந்திருக்கும் இடம், ஆர்.என்.ஏ.யைத் துண்டாடும் ஆர்.என்.ஏஸும் அங்கே ஏராளம். செத்து அரை மணி நேரம் ஐஸில் கிடந்த இறாலை நம்பக்கூடாது. உயிரோடுதான் வாங்க வேண்டும். வலையில் நசுங்கியதைவிட, கையால் தடவிப் பிடித்துப் பறிக் கூடையில் போடுகிறவர்களிடம் வாங்குவது மேல். சமையலுக்குப் பெரிதாகப் பொறுக்கித் தருவார்கள். நமக்கு ஒரே அளவில் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஈரல் துண்டு 0.5 செ.மீ. தடிமனுக்கு மேல் போகக்கூடாது. போனால், ஆர்.என்.ஏ.யைக் கெடாமல் காக்கும் ஆர்.என்.ஏ.லேட்டர் கரைசல் நடுவரை ஊறுவதற்குள் உட்பகுதி கெட்டுவிடும். துண்டைப்போல் பத்து மடங்கு கரைசல் ஊற்றுங்கள். அதில் திசு 25 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும், 37 டிகிரியில் ஒரே நாள். மே மாதத்தில் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டினால் வண்டி டிக்கிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெர்மோகோல் பெட்டியில் காசிமேட்டு ஐஸ் போதும். ஆனால் மீன் கழுவிய தண்ணீர் கலந்த ஐஸ் அது. குழாய்களை இரட்டை ஜிப் கவரில் போட்டுத்தான் புதைக்க வேண்டும். ஓர் இரவு 4 டிகிரியில் ஊறிய பிறகே உறைநிலைக்கு மாற்றலாம்.

நோட்டில் எழுத வேண்டியவை: நேரம், ஓதமா வற்றா, நீரின் வெப்பம், உப்பு, இறாலின் நீளம், ஆணா பெண்ணா, தோல் உரிப்பு நிலை. கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வால் துடுப்பை நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தோல் உரிக்கப் போகும் இறாலில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி உரிப்பு கூடும் என்பது பண்ணைக்காரர்களுக்கு அத்துப்படி. எண்ணூருக்கு அமாவாசையன்று போய், பழவேற்காட்டுக்கு அடுத்த வாரம் போனால் நிலவைத்தான் அளந்திருப்போம்.

பிரித்தெடுக்கும்போது 1 மி.லி. டிரைசாலுக்கு (திசுவைக் கரைத்து ஆர்.என்.ஏ.யை வெளியே கொண்டுவரும் திரவம்) 50 மி.கி. திசு போதும். குளோரோஃபார்ம் 0.2 மி.லி., பிறகு மையவிலக்கியில் 12,000 ஜி (புவியீர்ப்பைப்போல் 12,000 மடங்கு), 15 நிமிடம், 4 டிகிரி. மேலே தெளியும் நீரை முழுக்க உறிஞ்ச ஆசைப்பட வேண்டாம். நடுப்படலத்தைத் தொட்டால் டி.என்.ஏ. வந்து ஒட்டிக்கொள்ளும். ஈரலில் கிளைக்கோஜன் (ஆர்.என்.ஏ.யோடு சேர்ந்து படியும் மாவுச்சத்து) அதிகம். அதனால் வழக்கமான 0.5 மி.லி. ஐசோபுரொப்பனாலுக்குப் பதில் 0.25 மி.லி. ஐசோபுரொப்பனாலும், 0.25 மி.லி. உப்புக் கரைசலும் (0.8 மோலார் சோடியம் சிட்ரேட், 1.2 மோலார் சோடியம் குளோரைடு) சேர்த்தோம். 75 சதவீத எத்தனாலில் கழுவி, 7,500 ஜி, 5 நிமிடம். வண்டலை அதிகமாகக் காயவிட்டால் கரையாது. ஆட்டோகிளேவ் செய்தாலே ஆர்.என்.ஏஸ் செத்துவிடும் என்ற நம்பிக்கையை மூட்டை கட்டுங்கள். ஆறிய பின் அது மறுபடி மடிந்து வேலை செய்யும். வேர்க்கும் கை பட்ட கையுறையை உடனே மாற்றுங்கள்.

தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதங்களில், 260/280 நானோமீட்டர் விகிதம் 2.0 அருகில் இருக்கட்டும். 260/230 ஒன்றரைக்குக் கீழே போனால் டிரைசாலில் உள்ள குவானிடின் மிச்சம் இருக்கிறது; இன்னொரு முறை எத்தனால் கழுவல். ஆர்.ஐ.என். எண் (ஆர்.என்.ஏ. எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று மென்பொருள் போடும் மதிப்பெண்) குறைவாக வந்தால் உடனே வீசிவிடாதீர்கள். இறால் போன்ற கணுக்காலிகள் பலவற்றின் 28எஸ் மூலக்கூறில் (ரைபோசோமின் பெரிய ஆர்.என்.ஏ.) மறைவான ஒரு வெட்டு உண்டு. சூடாக்கியதும் அது இரண்டு துண்டாகி அதைவிடச் சிறிய 18எஸ் மூலக்கூறின் உயரத்திலேயே வந்து நிற்கும். வரைபடத்தில் இரண்டுக்குப் பதில் ஒற்றைச் சிகரம். மென்பொருள் அதைச் சிதைவு என்று நினைத்துக்கொள்ளும். சிகரம் கூர்மையாகவும் அதன் இடப்பக்கம் தட்டையாகவும் இருந்தால் சரக்கு நல்லதுதான். ஆர்.என்.ஏ.யைப் படித்துத் தரும் சீக்வென்சிங் மையத்துக்கு இதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காவிட்டால் மாதிரிகள் திரும்பி வரும். எங்களுக்கு வந்தன.

முதல் சுற்றின் பெரிய தவறு வேறு. எண்ணூர்க் குழாய்களைத் திங்களன்றும் பழவேற்காட்டுக் குழாய்களைச் செவ்வாயன்றும் பிரித்தெடுத்தோம். மரபணு எண்ணிக்கைகளை ஒப்பிடும் டெசெக்2 மென்பொருளில் பிரித்தெடுத்த தேதியையும் இடத்தையும் ஒன்றாகக் கொடுத்ததும், அணி (மேட்ரிக்ஸ்) முழுத் தரத்தில் இல்லை, அதாவது இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று சொல்லி நின்றுவிட்டது. தேதியை எடுத்துவிட்டால் ஓடும். விடை மட்டும் இடத்தினுடையதா, செவ்வாய்க்கிழமையுடையதா என்று தெரியாது. எந்த மாடலாலும் இதைப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு நாளும் இரண்டு ஊர்க் குழாய்களும் சம அளவில், சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசையில் போக வேண்டும்.

இடத்துக்கு மூன்று இறால் என்பது கஞ்சத்தனம். குறைந்தது ஆறு வேண்டும். காசு இடித்தால் இறாலுக்கு 2 கோடி ரீட் (இயந்திரம் படிக்கும் துண்டுகள்) போதும். ரீட் எண்ணிக்கையைக் குறைத்து இறாலைக் கூட்டுங்கள். கொடுக்க வேண்டியது கச்சா எண்ணிக்கை, டி.பி.எம். (மரபணு நீளத்துக்கும் மொத்த ரீட்டுக்கும் ஈடுசெய்த மதிப்பு) அல்ல. மாடல் நெகடிவ் பைனாமியல் என்ற எண்ணிக்கைப் பரவல், அது முழு எண்களை எதிர்பார்க்கிறது. 15,000 மரபணுக்களை பி மதிப்பு (வேறுபாடே இல்லாதபோதும் இப்படி வரும் வாய்ப்பு) 0.05 என்ற வரம்பில் சோதித்தால், எந்த வேறுபாடும் இல்லாதபோதும் 750 தலைகாட்டும். பல சோதனைகளுக்காக பெஞ்சமினி-ஹாக்பெர்க் முறையில் திருத்திய மதிப்பை மட்டும் பாருங்கள். அதற்கு முன் திருத்தாத பி மதிப்புகளின் ஹிஸ்டோகிராமைப் போடுங்கள். பூஜ்யத்தருகே குவிந்து மற்ற இடம் தட்டையாக இருந்தால் சரி. நடுவில் மேடு தட்டினால் மாடலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எங்களுக்கு விட்டுப்போனது தோல் உரிப்பு.

இரண்டே ஊர் என்றால் வரும் வேறுபாட்டுக்கு மாசு என்று பெயர் வைக்க முடியாது; இடம் என்றுதான் வைக்கலாம். அனல்மின் நிலையத்தின் சுடுநீர், சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெய், உப்பு எல்லாம் அதே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. கழிமுகம் நெடுக நாலைந்து இடம் எடுத்தால்தான் கொஞ்சமாவது பிரியும்.

சரிபார்க்க அதே குழாய் ஆர்.என்.ஏ.யில் கியூ.பி.சி.ஆர். (தேர்ந்த ஒரு மரபணுவைத் தனியே அளக்கும் சோதனை) செய்தால் இயந்திரம் ஒழுங்காக எண்ணியதா என்று மட்டுமே தெரியும். புது இறால் வேண்டும். பறிக்காரரிடம் அடுத்த அமாவாசைக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.